மேடையில் பார்த்ததும் சுவரில் வரைந்ததும்

(நமது சங்கத்தின் கொச்சி அங்கத்தினர்கள் மட்டாஞ்சேரியில் கூடிய காலாண்டுக் கூட்டத்தில் ஓர் அங்கத்தினர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காரியதரிசி மாமா போன வாரம் போன் பண்ணி, "படம் போடுகிறவர்களுக்கு நாடகம், கூத்து இதெல்லாம் பார்ப்பதால் என்ன பிரயோஜனம் என்று ஒரு அரை மணி நேரம் பேச வேண்டும்" என்றார். நான் மேடைப் பேச்சாளி இல்லை. கும்பகோணத்தில் பிறந்து, அங்கேயே தஞ்சாவூர்ப் படம் போடக் கற்றுக்கொண்டு, 1984ல் கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவள். அன்று முதல் இன்று வரை சமையல் முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில் படம் போட்டு வருகிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன். பெரியவர்கள் குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் மட்டாஞ்சேரி அரண்மனை இருக்கிறது. டச்சுக் கொட்டாரம் என்று பெயரே தவிர, கட்டியது போர்த்துகீசியர்கள். 1555ல் கட்டி, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால் அழைத்துப் போகிறோம், பல்லக்கையும் ராஜாக்கள் படத்தையும் காட்டுகிறோம், பக்கத்து யூதர் தெருவில் ஏலக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி விடுகிறோம். அடுத்த முறை ராஜாவின் பள்ளியறையில் ஒரு பத்து நிமிஷம் நில்லுங்கள். ஏறக்குறைய 300 சதுர அடி சுவரில் முழு ராமாயணமே இருக்கிறது. தசரதர் புத்திரகாமேஷ்டி செய்வதில் தொடங்கி, ராமர் அயோத்தி திரும்புவது வரை. 48 காட்சிகள் என்று கணக்குச் சொல்வார்கள். கடைசி ஐந்து கிருஷ்ண லீலை.

அங்கே வரும் கைடுகள் எல்லாரும் ஒரே வாக்கியம் சொல்வார்கள்: "கதகளி மாதிரியே இருக்கு பாருங்கோ." பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அகன்ற கண், பெரிய கிரீடம், விரல்களில் முத்திரை, ராமருக்குப் பச்சை மேனி. ஆனால் வருஷக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பள்ளியறைச் சித்திரங்கள்தான் அரண்மனையில் மிகவும் பழையவை. பதினாறாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதை ஒட்டியோ வரைந்தவை என்பது பொதுவான கருத்து. கொட்டாரக்கரைத் தம்புரான் ராமனாட்டம் அமைத்ததும், கோழிக்கோட்டு மானவேதன் கிருஷ்ணனாட்டத்துக்காக கிருஷ்ணகீதி எழுதியதும் பதினேழாம் நூற்றாண்டில்தான். கதகளி அதற்கும் பிறகு வளர்ந்தது. ஆகவே கதகளியைப் பார்த்து இந்தச் சுவரை எழுதினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

அப்படியானால் அந்தச் சித்திரக்காரர்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்திருப்பார்கள்? கூடியாட்டம் இருந்தது. குலசேகர வர்மா என்ற ராஜா நாடகம் எழுதி, ஆட்டத்தையும் ஒழுங்குபடுத்தினார் என்பார்கள். அது இந்தச் சுவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்திய சங்கதி. திருச்சூர் வடக்குந்நாதன் கோயிலிலும் இரிஞ்ஞாலக்குடா கூடல்மாணிக்கத்திலும் உள்ள கூத்தம்பலங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சுவாமி சந்நிதிக்கு வெளியே, சுவாமி பார்க்கிற மாதிரி ஒரு மேடை. அங்கே சாக்கியாரும் நங்கியாரும் ராமாயணக் கதையை நாள் கணக்கில் ஆடுவார்கள். சக்திபத்ரரின் ஆச்சரிய சூடாமணியில் அனுமார் சீதையிடம் மோதிரம் கொடுக்கும் அங்கம் ஒன்றே பல ராத்திரிகள் போகும். ஓவியரும் அந்தக் கோயிலில் வேலை பார்த்தவர்தான். கூத்து நடக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொண்டா இருந்திருப்பார்? இது என் ஊகம். ஆனால் சுவரைப் பார்த்தால் ஊகத்துக்கு இடம் இருக்கிறது.

மூன்று விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, கண். கூடியாட்டத்தில் கண்தான் பிரதானம். நடிகர் மலையைச் சொன்னால், அடிவாரத்திலிருந்து உச்சி வரை கண் ஏறும். நாமும் அவரோடு ஏறுவோம். மேடையில் மலை கிடையாது, திரை கிடையாது, ஒரு ஸ்டூல் இருந்தால் ஜாஸ்தி. பள்ளியறைச் சுவரிலும் அதே கதைதான். கூட்டம் நெருக்கி நிற்கிறது, ஓர் அங்குலம் காலியிடம் இல்லை. ஆனாலும் யார் யாரைப் பார்க்கிறார்கள் என்று தொடர்ந்து போனால் கதை தானாகவே புரிந்து விடும்.

இரண்டாவது, ஒருவரே பலராவது. பகர்ந்நாட்டம் என்று பெயர். ஒரே நடிகர், அதே வேஷத்தோடு, இப்போது ராவணன், அடுத்த நொடி பார்வதி, மறுபடியும் ராவணன். உட்காரும் விதத்தையும் பார்வையையும் மாற்றியே இது நடக்கும். சுவரிலும் ராமர் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருகிறார். நடுவில் கட்டம் கட்டிப் பிரிக்கவில்லை. ஒருவர் இந்தப் பக்கம் முகம் திருப்பினால் அந்தக் காட்சி முடிந்தது, அடுத்தது ஆரம்பம். மேடை பார்த்துப் பழகிய ஊருக்கு இது சகஜமாகப் புரிந்திருக்கும்.

மூன்றாவது, வர்ணம். கேரளச் சுவர்ச் சித்திரத்தில் மஞ்சள், சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று ஐந்துதான். சாத்விக குணத்துக்குப் பச்சை. சுவருக்கு வேண்டிய பச்சையை நீலமரி இலைச் சாறோடு எரவிக்கரை என்னும் மஞ்சள் பிசினைச் சேர்த்து எடுப்பார்கள். கதகளி நடிகர் முகத்துக்குப் பச்சையை மனயோலை என்னும் மஞ்சள் கல்லை அரைத்து, நீலம் கலந்து எடுப்பார்கள். பொருள் வேறு, யுக்தி ஒன்று. யாரிடமிருந்து யார் கற்றார்கள் என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். கதகளிக்கு வேஷம் கட்டியவர்கள் இந்தச் சுவர்களைப் பார்த்து எடுத்திருக்கவும் கூடும். மேடைக்கும் சுவருக்கும் போக்குவரத்து இரண்டு பக்கமும் நடந்திருக்கிறது என்ற மட்டில் எனக்கு சந்தேகமில்லை.

இனி என் சொந்த விஷயத்துக்கு வருகிறேன்.

என் மாமியார் திருப்பூணித்துறைப் பெண். கதகளி என்றால் சாப்பாடு வேண்டாம். நான் வந்த வருஷமே கார்த்திகை மாசத்தில் பூர்ணத்ரயீசர் கோயில் விருச்சிகோத்ஸவத்துக்கு அழைத்துப் போனார். அப்போதெல்லாம் மட்டாஞ்சேரி ஜெட்டியில் போட் ஏறி எறணாகுளம், அங்கிருந்து பஸ். ராத்திரி முழுவதும் ஆட்டம். எனக்கு பாஷையும் புரியவில்லை, முத்திரையும் புரியவில்லை. "அம்மா, கதை என்னன்னு கொஞ்சம் சொல்லுங்கோளேன்" என்று கேட்டேன். "கதை உனக்குத் தெரிஞ்சதுதான். கையைப் பாத்துண்டு அர்த்தம் தேடாதே. அவா எங்கே பாக்கறாளோ அங்கே நீயும் பாரு, போரும்" என்றார். நாற்பது வருஷமாக எனக்கு அதுதான் பாடம்.

அன்று இரயிம்மன் தம்பியின் கீசக வதம். சைரந்திரி வேஷத்தில் திரௌபதி, கையில் பாத்திரத்தோடு கீசகன் வீட்டுக்குப் போக வேண்டும். போக மனசில்லை, போகாமலும் முடியாது. அந்த நடிகர் நடந்தது மொத்தம் பத்தடி இருக்கும். அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் நம் வீட்டில் ஒரு ரசமே கொதித்து இறங்கிவிடும். கீசகன் நெருங்கி வந்தபோது அவள் அரை அடி பின்னால் வைத்தாள். அவ்வளவுதான். கூச்சல் இல்லை, கண்ணீர் இல்லை. நாங்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அந்த அரை அடியில் என் உடம்பும் பின்னால் போயிற்று.

தஞ்சாவூர்ப் படத்தில் சுவாமி நம்மைப் பார்ப்பார். அது பூஜைக்கு உரிய படம். பெருமாள் பக்தனைப் பார்க்க வேண்டும், பக்தன் பெருமாளைப் பார்க்க வேண்டும். அதில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, இன்றும் அப்படித்தான் போடுகிறேன். ஆனால் கதை சொல்லும் படம் வேறு ஜாதி. அங்கே பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்க வேண்டும். நாம் பக்கத்தில் நின்று பார்க்கிறவர்கள் மட்டுமே. இதை எனக்கு எந்தப் புஸ்தகமும் சொல்லவில்லை, அந்த ராத்திரிதான் சொல்லிக் கொடுத்தது. பிறகு அசோகவனத்துச் சீதையை நான் போட்டபோது, ராவணன் படத்தின் முக்கால் பாகம் நிற்கிறான், சீதை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஒரு துரும்பு. அவள் பார்வை அந்தத் துரும்பில். ராவணனை அவள் பார்க்கவே இல்லை. ராவணனுக்கு அதைவிடப் பெரிய தோல்வி என்ன வேண்டும்? அந்தப் படத்தை முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆயிற்று. அதில் ஐந்து மாதம் அந்த ஒரு பார்வைக்குத்தான்.

"இதெல்லாம் இப்போது யூட்யூபில் இருக்கிறதே, வீட்டிலேயே பார்க்கலாமே" என்று நீங்கள் கேட்கலாம். நானும் பார்க்கிறேன், கற்றுக்கொள்ள அது மிக உபயோகம். ஆனால் காமிராக்காரர் எதைக் காட்டுகிறாரோ அதைத்தான் நாம் பார்க்க முடியும். கீசகன் பேசும்போது கீசகன் முகத்தைக் காட்டுவார். அந்த நேரத்தில் சைரந்திரியின் கால் விரல் என்ன செய்தது என்பது போயே போய்விட்டது. மேடைக்கு முன்னால் உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது என்பது நம் கையில் இருக்கிறது. படம் போடுகிறவர்களுக்கு முழுத் தொழிலே அதுதானே, எதைப் பார்ப்பது, எதை விடுவது? அதோடு, அலுத்துப்போனால் நிறுத்த முடியாது, ஓட்டிப் பார்க்க முடியாது. அலுப்பைத் தாண்டி உட்கார்ந்திருக்கும்போதுதான் கண் திறக்கிறது. விளக்கில் எண்ணெய் ஊற்றுகிறவர், திரை பிடிக்கிற இரண்டு பேர், செண்டைக்காரரின் தோள்பட்டை, எல்லாம் அப்போதுதான் தெரிகிறது.

இது கேரளத்துக்கு மட்டும் சொந்தமான விஷயம் இல்லை. நம் எல்லார் வீட்டிலும் ரவி வர்மா படமோ, அதன் வழியில் வந்த காலண்டர் படமோ இருக்கிறது. ரவி வர்மா பிறந்த கிளிமானூர் குடும்பத்தில் கதகளிக்கு ஆட்டக்கதை எழுதினவர்கள் உண்டு. ராவண விஜயம் அங்கேதான் பிறந்தது. அவர் தாயார் உமயாம்பா தம்புராட்டி, பார்வதி சுயம்வரம் என்ற துள்ளல் எழுதினவர். ரவி வர்மா தம்பி ராஜராஜ வர்மாவுடன் பம்பாயில் இருந்தபோது இருவரும் நாடகங்களுக்குப் போவது வழக்கம் என்பது தம்பியின் டைரியிலிருந்து தெரிகிறது. 1890ல் பரோடா மகாராஜாவுக்காக முடித்த படங்களில் கீசகனும் சைரந்திரியும் உண்டு. அவருடைய புராணப் படங்களில் பின்னால் தூணும் திரையும், முன்னால் விளக்கு வெளிச்சம் விழுந்தாற்போல நிற்கும் மனிதர்களும், ஏதோ சொல்லி நிறுத்திய மாதிரி ஒரு கையும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மேடையில் திரை விழுவதற்கு முந்தைய நொடி அது.

காலண்டர் படங்களில் கோவில்பட்டி கொண்டையராஜுவைத் தெரியாத தமிழ்க் குடும்பம் இல்லை, பெயர் தெரியாவிட்டாலும் படம் தெரியும். அவர் நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது, அவர் அங்கேயே தங்கினார். பிறகு சிஷ்யர்களோடு சேர்ந்து அவர் போட்ட லக்ஷ்மியும் முருகனும் லட்சக்கணக்கில் அச்சாகி நம் பூஜை அறைக்கு வந்தன. அந்தப் படங்களில் பின்னால் தெரியும் மலை, தடாகம், கோபுரம் எல்லாம் நாடகத் திரைச்சீலையின் பேரக்குழந்தைகள்தான். ஜப்பானில் ஷராக்கு என்று ஓர் ஓவியர், 1794ல் திடீரென்று தோன்றி, பெரும்பாலும் கபுகி நடிகர்களையே சுமார் பத்து மாதம் வரைந்துவிட்டு மறைந்து போனார். கபுகியில் உச்சக் கட்டத்தில் நடிகர் கண்ணை உருட்டி அப்படியே உறைந்து நிற்பார். ஷராக்கு பிடித்தது அந்த நொடியைத்தான். கதகளி பார்த்தவர்களுக்கு அந்தப் படங்கள் அந்நியமாகத் தோன்றாது.

நம் தஞ்சாவூர் ஜில்லா மெலட்டூரையும் சொல்லாமல் விட முடியாது. நரசிம்ம ஜயந்தியை ஒட்டி அங்கே பாகவத மேளா. நம்மவர்களே வேஷம் கட்டி, வெங்கடராம சாஸ்திரிகளின் பிரஹ்லாத சரித்திரத்தை ஆடுகிறார்கள். நரசிம்மர் முகமூடிக்குப் பூஜை உண்டு, அதை அணிகிறவர் உபவாசம் இருப்பார். ஆவேசத்தில் அவரைப் பலர் சேர்ந்து பிடித்துக்கொள்வார்கள். அங்கே நான் பார்த்துக்கொண்டிருந்தது பிடித்துக்கொண்டவர்களின் கைகளை. திரும்பி வந்து நரசிம்மர் போட்டபோது சுவாமியின் நகத்தை விட, தூண் பிளந்த சத்தத்தில் பின்வாங்கும் கூட்டத்தின் கைகளுக்குத்தான் அதிக நேரம் செலவழித்தேன். உக்கிரம் கைகளில் தெரிந்தால் போதும், முகம் சாந்தமாகவே இருக்கலாம் என்று தோன்றிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மேடை பார்ப்பதென்றால் வேஷத்தைக் காப்பி பண்ணுவது என்று அர்த்தமில்லை. யூதர் தெருவில் சாவிக்கொத்திலிருந்து தலையணை உறை வரை பச்சைக் கதகளி முகம் இருக்கிறது. பிழைப்புக்காகச் செய்கிறார்கள், அதில் தப்பொன்றுமில்லை. ஆனால் அதில் கிரீடம் இருக்கிறது, சுட்டி இருக்கிறது, பார்வை மட்டும் இல்லை. என் சீதை படத்தில் கதகளி உடையே கிடையாது, சாதாரணப் புடவைதான். மேடையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அரை அடியை.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். சனிக்கிழமைகளில் நம் குழந்தைகள் ஆறு பேர் என்னிடம் டிராயிங் கற்க வருகிறார்கள், ஒன்பது வயதிலிருந்து பதினாலு வரை. ஒரு நாள் அனுமார் போடச் சொன்னேன். ஆறு பேரும் போனைப் பார்த்துப் போட்டார்கள். ஆறும் ஒரே அனுமார். அதே புஜம், அதே கோபம். கெட்டிக்காரக் குழந்தைகள், கோடு சுத்தமாக இருந்தது. ஆனால் யார் படம் எது என்று பெயர் பார்க்காமல் சொல்ல முடியவில்லை.

அடுத்த மாதம் திருப்பூணித்துறையில் கல்யாண சௌகந்திகம் என்று கேள்விப்பட்டு அழைத்துப் போனேன். ஒரு குழந்தையின் அம்மா, "பரீட்சை சமயத்துல இதெல்லாம் எதுக்கு மாமி?" என்றாள். "ஒரு ராத்திரிதானேடி, திருப்பிக் கொண்டு விட்டுடறேன்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனேன். வெள்ளைத் தாடி அனுமார் கிழக் குரங்காக பீமன் வழியில் படுத்துக்கொண்டு, தம்பியைக் கண்டு உள்ளுக்குள் சந்தோஷப்படுகிற இடம். ஒரு வாரம் கழித்து, போன் இல்லாமல் போடச் சொன்னேன். ஒருவன் அனுமாரின் கண்ணையும் தாடியையும் மட்டும் போட்டான், கண் சிரிக்கிறது. ஒரு பெண் திரை பிடிப்பவர் கொட்டாவி விடுவதைப் போட்டாள். இன்னொருத்தி விளக்கை மட்டும் போட்டாள், காற்றில் சாயும் திரியோடு. பாதியில் தூங்கிப்போன பொடியன் செண்டையைப் போட்டு அதைச் சுற்றி வட்டம் வட்டமாக நிரப்பியிருந்தான். "மாமி, தூங்கறச்சே இதுதான் கேட்டுது" என்றான். ஆறு குழந்தைகள், ஆறு படம்.

அன்று ராத்திரி சபையில் எத்தனை பேர் என்று எண்ணினேன். எங்களையும் சேர்த்து முப்பத்தொன்று. மேடையிலும் அணியறையிலுமாக இருந்த கலைஞர்கள், சுட்டி வைப்பவர்கள், பாடகர்கள், மேளக்காரர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஏறக்குறைய அதே எண்ணிக்கை. முகத்தில் வேஷம் எழுதவே மணிக்கணக்கில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். முப்பத்தொரு பேருக்காக.

ஒரு கலை பிழைப்பது பார்ப்பவர்களால்தான். கூடியாட்டம் கேரளத்துக்கு வெளியே முதன்முதலாக மேடையேறியது 1962ல், சென்னையில். மாணி மாதவ சாக்கியார் தலைமையில் வந்தார்கள். வரவழைத்தது டாக்டர் வே. ராகவன் அவர்களின் சம்ஸ்கிருத ரங்கம். ஒரு பண்டிதர் எடுத்துக்கொண்ட சிரமத்தால் கோயிலுக்குள் இருந்த கலையை வெளியூர் ரசிகர்கள் பார்த்தார்கள். 2001ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் அரிய பாரம்பரியமாக அறிவித்தது. சான்றிதழ் சுவரில் தொங்கும். ஆனால் சான்றிதழ் வந்து முன்வரிசையில் உட்காராது.

அரண்மனைக் கீழ் அறையில் பார்வதி கல்யாணக் காட்சி ஒன்று இருக்கிறது. கோடு மட்டும் போட்டு, வர்ணம் தீட்டாமல் நின்றுபோன படம். ஏன் நின்றது என்று நமக்குத் தெரியாது. எழுதக் கை இல்லாமல் போனதோ, கேட்க ஆள் இல்லாமல் போனதோ. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

ஆகவே இந்தப் பத்திரிகையைப் படிக்கும் எல்லா ஊர் அன்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கொச்சிக்காரர்கள் வரும் கார்த்திகையில் ஒரு ராத்திரி குழந்தைகளோடு திருப்பூணித்துறைக்கு வாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் மெலட்டூருக்குப் போங்கள். சென்னை, பம்பாய், பெங்களூர், டில்லி அன்பர்கள் உங்கள் ஊரில் எந்த மேடை இருக்கிறதோ, தெருக்கூத்தோ யக்ஷகானமோ நாடகமோ, டிக்கெட் வாங்கி உட்காருங்கள். குழந்தை படம் போடுகிறதோ, பாடுகிறதோ, கதை எழுதுகிறதோ, எதுவானாலும் சரி. "என்ன புரிஞ்சுது?" என்று உடனே கேட்க வேண்டாம். ஒரு வாரம் போகட்டும். பிறகு ஒரு காகிதமும் பென்சிலும் கையில் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு அந்த ஆறு படங்களையும் கொண்டு வந்து இந்த ஹாலில் மாட்டுவதாகக் காரியதரிசி மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். உங்கள் வீட்டுக் குழந்தைகள் போட்டதையும் கொண்டு வாருங்கள், பக்கத்தில் மாட்டலாம்.